செம்பருத்தி மறுபடி பூக்கணுமா? வெட்டப் பயப்படாதீங்க



நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு செம்பருத்தி நிற்கிறது. ஆளுயரம் வளர்ந்திருக்கும், இலை பச்சைப்பசேல்னு இருக்கும், பூ மட்டும் இருக்காது. விநாயகருக்கு வைக்க ஒரு பூவாவது கிடைக்குமான்னு பாட்டி காலையில் செடியைச் சுற்றிச் சுற்றி வருவார். "இதுக்கு வயசாயிடுச்சு, பிடுங்கிட்டு சிமெண்ட் போட்டா கார் நிறுத்தலாம்" என்பார் அப்பா. சில வீடுகளில் அது எஸ்டேட்டை விட்டுத் தாமானுக்கு வந்தபோது கையோடு கொண்டு வந்த குச்சி. பிடுங்கினால் போனதுதான். அதற்கு முன்னால் அந்தச் செடிக்கு 3 மாதம் கொடுங்கள்.

மலேசியாவில் இது 1960 முதல் தேசிய மலர். ஐந்து இதழ்கள் ருக்குன் நெகாராவின் 5 கோட்பாடுகளைக் குறிக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும், சாயங்காலம் சுருண்டுவிடும். ஆகவே தினமும் பூ வேண்டும் என்றால் தினமும் ஒரு புது மொட்டு விரிய வேண்டும். மொட்டு எங்கே வரும்? இளந்தளிரில், நுனியை ஒட்டிய இலைக் கக்கத்தில்தான். பழைய மரக்கிளையில் வராது. வருஷக்கணக்கா வெட்டாத செடியில் நீளமான மொட்டைக் கிளைகள்தான் இருக்கும், நுனிகள் கொஞ்சமாக, அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில். பூ குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான், வயசு இல்லை.

அதனால் கவாத்து செய்யணும். கூர்மையான கத்தரியால், கிளையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு மூன்று தளிர் கிளம்பும். "இருக்கிற மொட்டும் போயிடுமே!" என்று பாட்டி தடுப்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். இந்த மாதம் மூன்றில் ஒரு பங்கு கிளைகள், அடுத்த மாதம் இன்னொரு பங்கு என்று போனால் பூஜைக்குப் பூ அறவே நிற்காது. வெட்டிய கிளை பூக்க 2 முதல் 3 மாதம் ஆகும். விநாயகர் சதுர்த்திக்குப் பூ வேண்டுமா? வைகாசியிலேயே கத்தரியை எடுங்கள்.

வெயில் இல்லாவிட்டால் இத்தனையும் வீண். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் படணும். சிங்கப்பூர் வீவக தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள், வெளிச்சம் அதிகம் விழும் ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.

அடுத்தது உரம். பூக்கலையேன்னு யூரியாவை அள்ளிப் போடுகிறோம். அது தழைச்சத்து, இலையைத்தான் வளர்க்கும். உரப் பையில் மூன்று எண்கள் இருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. செம்பருத்தி விரும்புவது மூன்றாவது. 15-15-15 பச்சை உரத்தைவிட 12-12-17 நீல உரம் இதற்குப் பொருத்தம். "பூக்க வைக்கும் உரம்" என்று நடு எண் மிகப் பெரிதாக இருக்கும் பையை வாங்காதீர்கள். அவ்வளவு மணிச்சத்து இந்தச் செடிக்கு ஆகாது. தளிர் வந்த பிறகு, மாதம் ஒரு சிறு கரண்டி, தண்டை ஒட்டாமல் தூவித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மொட்டு வந்து மஞ்சளாகி உதிர்கிறதா? ஒரு நாள் காய விட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றியிருப்பீர்கள். அல்லது எறும்பு ஏறுதான்னு பாருங்கள். எறும்பு வரிசை போகும் இடத்தில் பெரும்பாலும் வெள்ளை மாவுப்பூச்சி இருக்கும். இலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், போகாவிட்டால் சாயங்காலம் வேப்பெண்ணெய்க் கரைசல். சாமிக்கு வைக்கும் பூ, குழந்தைகள் தொடும் பூ. கடும் விஷ மருந்து வேண்டாம். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

வெட்டிய குச்சிகளைக் குப்பையில் போடாதீர்கள். பென்சில் கனமுள்ளதாக, ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நிழலாக நட்டு வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். கோவில் நந்தவனத்துக்கு இரண்டு, பூச்செடி இல்லாத நண்பன் வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்கலாம்.