போலாரத்திலிருந்து ஒரே நாளில்

போலாரம்வாசிகள் பழைய நகரங்களைப் பார்க்கக் கிளம்பும்போது செய்யக்கூடாத காரியம், ஹைதராபாத் நடுநகருக்குள் நுழைவது. காலை நேரமே அங்கே கரைந்துவிடும். காரில் போனால் மேட்சல் பக்கம் ஏறி, வெளிவட்டச் சாலையில் சுற்றிக்கொள்ளுங்கள். கட்கேசரில் இறங்கினால் வரங்கல் சாலை. பட்டன்செரு பக்கம் இறங்கினால் ஜஹீராபாத் வழியாக பீதர். வெளிவட்டச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

ரயிலா? செகந்திராபாத்தில் ஏறி காசிப்பேட்டையில் இறங்குங்கள். ஹனுமகொண்டாவின் ஆயிரங்கால் கோயிலுக்கு அதுவே பக்கம். அங்கிருந்து வரங்கல் கோட்டையின் காகதீயத் தோரணங்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ராமப்பா கோயில் வரங்கலிலிருந்து இன்னும் 65 கிலோமீட்டருக்கு மேல். மூன்றையும் ஒரே நாளில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது. ராமப்பாவுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

என் ஓட்டு பீதருக்கே. கோட்டையை வெயிலுக்கு முன் முடித்துவிட்டு, 1472-இல் எழுந்த மஹ்மூத் கவானின் மதரஸாவுக்குப் போங்கள். அதன் சுவரில் மிஞ்சியிருக்கும் வண்ண ஓடுகளை நின்று பார்க்க வேண்டும். பஹ்மனி சுல்தான்களின் கல்லறைகள் ஊருக்கு வெளியே அஷ்டூரில் இருக்கின்றன. மாலை வெயிலுக்கு அவை தோது.

தூரப் பயணம் முடியாதவர்களுக்கு, 1924-இல் திறந்த மேதக் தேவாலயம் போதும். ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. கோட்டைகளுக்குள் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பாமல் தயிர்சாதமும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள்.