ஒரு கிராம் நிலாவிரை

ஐப்பசியில் சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலை, எங்கள் நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு கேட்பவர்களைவிட வயிற்றுக்கு மருந்து கேட்பவர்கள்தான் அதிகம். கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களில் பலர் ஆறு நாளும் திருச்செந்தூரிலேயே தங்கிவிடுவார்கள். பாலும் பழமும் மட்டும் எடுப்பவர் உண்டு. இளநீரோடு நிறுத்திக்கொள்பவர் உண்டு. ஒரு வாய் தீர்த்தத்தோடு நாளைத் தள்ளுபவரும் உண்டு. கடற்கரைக் கூட்டத்தில் நசுங்கி நின்று சம்ஹாரம் பார்த்து, கடலில் முங்கி எழுந்து, ஆறு நாள் பசிக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு வருவார்கள். கடையில் நாலு பேர் நின்றால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். "அண்ணாச்சி, அந்தப் பொடி..." என்று இழுப்பார்கள்.

அந்தப் பொடி நிலாவிரை. சித்த மருத்துவர்கள் சீட்டில் நிலவாகை என்று எழுதுவார்கள்.

கேட்டவுடன் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. "எத்தனை நாளாச்சு? வயித்துவலி, வாந்தி உண்டா? வேற என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?" இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன். விரதம் முடித்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தே வேண்டியிருக்காது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? ஆறு நாள் ஒன்றும் போகாத குடலில் ரெண்டு நாள் ஒன்றும் இறங்காவிட்டால் அது நோய் இல்லை. போதாக்குறைக்கு, திருவிழாக் கூட்டத்தில் கழிப்பறை வரிசைக்குப் பயந்து அடக்கி அடக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் குடிப்பதையும் அதே பயத்தில் குறைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: இன்றைக்கு நிறையத் தண்ணீர், மோர். சோறு குறைவாக, கீரையும் காயும் கூடுதலாக. ராத்திரி ரெண்டு வாழைப்பழம். காலையில் வெந்நீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் நடை. அவசரப்படாமல் உட்கார ஓர் இடம். அதற்கும் மசியாவிட்டால் நாளைக்கு வாருங்கள், பொடி தருகிறேன். தை, மாசியில் வருகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் பனங்கிழங்கையும் சேர்ப்பேன். எங்கள் பக்கம் அப்போது தெருவெல்லாம் கிழங்குதான். அதில் நார் அதிகம்.

நிலாவிரை நமக்கு வெளியூர்ச் செடி. அரேபியாவும் ஆப்பிரிக்காவின் செங்கடல் கரையும்தான் அதன் பூர்வீகம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் திருநெல்வேலிச் சீமையில் இதைப் பயிரிட்டு லண்டனுக்கு அனுப்பிப் பேர் வாங்கினார். அதிலிருந்து உலகச் சந்தையில் இதற்கு ரெண்டு ஊர்ப் பெயர் பிரபலம்: ஒன்று அலெக்சாண்ட்ரியா, இன்னொன்று 'டின்னவெல்லி'. 1986இல் மாவட்டம் பிரிந்து திருச்செந்தூரும் சாத்தான்குளமும் தூத்துக்குடியோடு போய்விட்டன. சந்தையில் மட்டும் இதன் பெயர் இன்னும் 'டின்னவெல்லி' என்றே இருக்கிறது. சரக்கு கப்பலேறுவது தூத்துக்குடித் துறைமுகத்தில்.

சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண்ணில் மானாவாரியாக இது வரும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தால், ரெண்டு மாதம் போல ஆனதும் முதல் பறிப்பு. அப்புறம் மாதம் ஒன்றாக இன்னும் ரெண்டு பறிப்பு. உழைப்பு பறிப்பில் இல்லை, காயவைப்பதில் இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் போட்டால் இலை வெளிறி நிறம் செத்துவிடும். குவித்து வைத்தால் வெந்து கறுத்துவிடும். நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, பச்சை மாறாமல் லேசாக மஞ்சள் தட்டும்போது எடுக்க வேண்டும். நல்ல சரக்கை அள்ளினால் உள்ளங்கையில் தூசு குறைவாக இருக்கும். மோந்தால் தேயிலை மாதிரி ஒரு மெல்லிய வாசம். ஓர் இலையை வாயில் போட்டு மென்றால் முதலில் கொழகொழவென்று இருக்கும், பிறகுதான் கசப்பு தலைகாட்டும். கறுத்துப்போன இலை, குச்சி மிகுந்த சரக்கு, பூஞ்சை நெடி அடிப்பது எதையும் வாங்காதீர்கள்.

இந்த இலை வேலை செய்யும் விதம் தெரிந்திருந்தால் பாதித் தொல்லை குறையும். இதிலுள்ள சென்னோசைடு என்ற பொருள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாமல் கடந்து போகிறது. பெருங்குடலுக்குப் போன பிறகு, அங்கே குடியிருக்கும் கிருமிகள்தான் அதை உடைத்து மருந்தாக்குகின்றன. அப்புறம்தான் குடல் அசைகிறது, நீர் உறிஞ்சுவதும் குறைகிறது. இந்தப் பயணத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் ராத்திரி படுக்கும்போது சாப்பிடச் சொல்வது. விளக்கெண்ணெய் குடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அது ரெண்டு மூன்று மணி நேரத்திலேயே முடுக்கும். இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு, 'ஒண்ணும் கேக்கலியே' என்று நடுராத்திரி இன்னொரு பங்கு போட்டுக்கொள்வார்கள். மதுரைக்கார பக்தர் ஒருவர் லாட்ஜில் அப்படிச் செய்துவிட்டு, காலை பஸ்ஸையும் விட்டு, மதியப் பஸ்ஸையும் விட்டார். சாயங்காலம் கடைக்கு வந்து உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடித்தபடியே என்னை ஏசினார். பயணத்துக்கு முந்தின ராத்திரி இதைத் தொடாதீர்கள் என்று அன்றிலிருந்து ஒவ்வொரு பொட்டலத்தோடும் சொல்லி அனுப்புகிறேன்.

அளவுதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் தன் மூலிகைக் குறிப்பில் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 1 முதல் 2 கிராம் இலை. 'ஒரு ஸ்பூன்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். பொடியின் நயத்துக்கும் மாறும். கும்பலாக அள்ளினால் ஒன்றரைப் பங்கு ஏறிவிடும். அதனால் எங்கள் கடையில் சின்னத் தராசில் நிறுத்து, ஒரு கிராம் பொட்டலமாகத்தான் மடிக்கிறோம். முதல் தடவை சாப்பிடுகிறவருக்கு ஒரு கிராமே போதும். காலையில் சிரமமில்லாமல் இளக்கமாகப் போனால் அதுதான் உங்கள் அளவு. தண்ணீராகப் போனால் கூடிவிட்டது என்று அர்த்தம், அடுத்த முறை பாதியாக்குங்கள்.

வயிற்றைப் பிசைகிறது என்பதுதான் இதன்மேல் எல்லோரும் சொல்லும் குறை. அதற்கு ரெண்டு வழி. ஒன்று, பொடியாக விழுங்காமல் இலையாக ஊறவைப்பது. மதியம் ஒரு கிராம் இலையை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டு மூடிவையுங்கள். ராத்திரி படுக்கும்முன் துணியில் வடிகட்டி, பிழியாமல், அந்தத் தண்ணீரை மட்டும் குடியுங்கள். வயிற்றைப் பிசையும் பிசின் பொருள் குளிர்ந்த நீரில் அதிகம் இறங்காது. கொதிக்க வைத்தால் இறங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் கஷாயம் காய்ச்சி எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்துக் கொடுத்த காலத்தில், பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது இந்தக் கொதியால்தான் என்று நினைக்கிறேன். ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைக்குக் காலண்டரைப் பார்த்துப் பேதி கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, மருத்துவர் சொல்லாமல் நிலாவிரையே கிடையாது.

இன்னொரு வழி, துணைச்சரக்கு. சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணம் என்று ஒன்று உண்டு. நிலவாகையோடு சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் சேரும். சுக்கும் ஓமமும் இருப்பதால் வாயு பிடிப்பது குறையும். இதை வீட்டில் கண்ணளவுக்கு இடிப்பதைவிட, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி வாங்கிக்கொள்வது நல்லது. 1964இலிருந்து இருக்கிற கல்லூரி அது. எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் பாதி அங்கே படித்தவர்கள் எழுதியவைதான்.

இலை கொடுக்கும்போதே ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறுநாள் சிறுநீர் செம்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகலாம். சொல்லாமல் விட்டால் மஞ்சள்காமாலை என்று பயந்து, அடுத்து கீழாநெல்லி கேட்டு வந்து நிற்பார்கள்.

இனி, காட்டில் பறிக்கிறவர்களுக்கு. குதிரைமொழித் தேரியிலிருந்து காயாமொழி போகும் வழியிலும், வாய்க்கால் கரையிலும் மஞ்சள் பூப் பூத்த செடிகள் ஏராளம். நிலாவிரையின் பங்காளிகள் பல பேர் அங்கே நிற்கிறார்கள். 'இதுவும் அதுதானே' என்று பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டுவார்கள். பெரும்பாலும் அது ஆவாரையாக இருக்கும். ஆவாரை இலைக்கு நுனி மழுங்கலாக இருக்கும், காம்போரத்தில் காது மாதிரி அகன்ற ஒரு சிற்றிலை ஒட்டிக்கொண்டிருக்கும். நிலாவிரைக்கு அது கிடையாது. இலை ஈட்டி போலக் கூர்மை, நுனியில் ஒரு சின்ன முள். அடிப்பாகத்தில் நடுநரம்பின் ரெண்டு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாலே எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். காய் தட்டையாக, அகலமாக, காகிதம் போல இருக்கும். ஆவாரையைக் கலந்து நிலாவிரை என்று விற்பது பழைய கலப்படம். வெள்ளைக்காரன் காலத்து மருந்து நூல்களிலேயே அதைக் கண்டுபிடிக்கச் சோதனை எழுதியிருக்கிறார்கள். ஆவாரை கலந்தால் ஆபத்து ஒன்றும் இல்லை, மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதான்.

ஆபத்து இன்னொரு பங்காளியிடம். பொன்னாவரை. பேயாவரை என்றும் சொல்வோம். கசக்கினால் ஒரு கெட்ட நாற்றம், காய் நீளமாக, ஒடுக்கமாக, ஓரம் வெளிறி இருக்கும். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் வருடந்தோறும் மழை முடிந்து குளிர் தொடங்கும் காலத்தில் சின்னக் குழந்தைகள் வாந்தியும் மயக்கமுமாக இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜானும் சேர்ந்த குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பசியில் குழந்தைகள் பறித்துத் தின்ற இந்தப் பொன்னாவரை விதைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று காட்டியது. ஈரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்குகிறது. எங்கள் தெருவோரங்களிலும் அதே செடி நிற்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கண்டால் காய் பிடிக்கும்முன் பிடுங்கிப் போட்டுவிடுவேன். பூவை மட்டும் பார்த்து மூலிகை பறிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

யாருக்கு நிலாவிரை கொடுக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பி காற்றும் பிரியாமல் இருப்பது: இவர்களுக்குக் கூடவே கூடாது. குடல் அடைப்போ குடல்வால் வீக்கமோ இருந்தால் இலை நிலைமையைக் கெடுத்துவிடும். நேராக ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் இளைப்பு, ஐம்பது வயதுக்குப் பிறகு திடீரென்று பழக்கம் மாறுவது இதெல்லாம் பரிசோதனைக்குப் போக வேண்டிய விஷயம், பொடிக்கு வர வேண்டியது இல்லை. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்ஸின் மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு இது உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்து இதயத்துடிப்பையே தாறுமாறாக்கலாம். நான் மூன்றாவது கேள்வி கேட்பது இதற்காகத்தான். கேட்டால் இன்னொன்றும் தெரியவரும்: இரும்புச்சத்து மாத்திரையோ வலி மாத்திரையோதான் சிலருக்கு மலத்தைக் கட்டியிருக்கும். அதை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்டாலே சரியாகிவிடும்.

சமீப வருடங்களில் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது, இளைப்பதற்கு. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த 'ஸ்லிம்மிங் டீ' பெட்டியைக் காட்டி, "அண்ணாச்சி, இதுமாதிரி வேணும்" என்பார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் சென்னா என்றிருக்கும். நம்ம ஊர் இலை, பத்து மடங்கு விலையில். அது இளைக்க வைக்காது. சோற்றின் சத்தெல்லாம் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. இலை வேலையை ஆரம்பிப்பது அதற்கப்புறம், பெருங்குடலில். எடை மிஷினில் குறைந்து தெரிவது தண்ணீர், மறுநாள் திரும்பி வந்துவிடும். தினம் குடித்தால் தாதுஉப்பும் போய், குடல் உள்தோல் கறுத்து, கடைசியில் இலை இல்லாமல் அசையமாட்டேன் என்று வயிறு அடம்பிடிக்கும். அந்தக் கறுப்பு நிறுத்தினால் மாதக்கணக்கில் மறைந்துவிடும் என்கிறார்கள். பழக்கம் அப்படி லேசில் போகாது.

அப்பா காலத்திலிருந்தே ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பொட்டலம் கிடையாது என்பது கடை வழக்கம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் மருத்துவரிடம் போய் எழுதி வாங்கி வாருங்கள் என்போம். "கடைச்சரக்குக்கெல்லாமா சீட்டு கேப்பீங்க?" என்று கோபித்துக்கொண்டு எதிர்வரிசைக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும். அங்கேயும் ஒரு கிராமாக நிறுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று முதுகுக்குப் பின்னால் குரல் கொடுப்பேன்.