பேச்சு எழாத மாணாக்கருக்கு எந்தச் சாதனம்?

மூளை முடக்குவாதத்தாலோ ஆட்டிசத்தாலோ வேறு காரணத்தாலோ வாய்ப்பேச்சு எழாத, அல்லது எழுந்தும் பிறருக்கு விளங்காத ஒரு குழந்தை வகுப்பில் வந்து அமரும்போது, சைகையைக் கற்பிப்பதா, படப் பலகையைக் கொடுப்பதா, பேசும் செயலியோடு ஒரு டேப்லெட்டை வாங்கிவிடுவதா என்பதே பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கிறது. கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை தேடப் புகுமுன், எந்தச் சாதனத்தையும் சோதித்துப் பார்க்க உரைகல் ஒன்று வேண்டும். நான் நம்புகிற உரைகல், நாம் எதிர்பாராத ஒன்றை அக்குழந்தை தானாகவே முந்திச் சொல்வதற்கு அச்சாதனம் இடங்கொடுக்கிறதா என்பதுதான். பசி, தாகம், கழிப்பறை என்ற மூன்றை மட்டும் கேட்க முடிந்த மாணவனுக்கு உடம்பின் அவசியங்கள் தீர்ந்துவிடலாம். ‘பக்கத்திலிருப்பவன் என்னைக் கிள்ளினான்’ என்றோ, ‘அந்தக் கதையை மறுபடி சொல்லுங்கள்’ என்றோ, ‘இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை’ என்றோ சொல்ல வழியில்லாதவரை, அவனுக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டோம் என்று நாம் திருப்தி அடைய நியாயமில்லை.

வழிமறித்து நிற்கும் இரண்டு தயக்கங்களை முதலில் விலக்கிவிட வேண்டும். படத்தையோ கருவியையோ கையில் கொடுத்துவிட்டால் வரவிருக்கும் பேச்சும் வராமற்போகும் என்ற அச்சம் ஒன்று. மில்லர், லைட், ஷ்லாசர் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நம்பத்தகுந்த முறையில் ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்கேனும் இத்தகைய உதவியால் பேச்சு குறைந்ததாகக் காணப்படவில்லை. 89 சதவீதத்தினருக்குச் சிறிதளவேனும் கூடவே செய்தது. ‘இவன் இன்னும் அதற்குத் தயாராகவில்லை, முதலில் உட்காரட்டும், கண்ணைப் பார்க்கட்டும், படத்தை அடையாளம் கண்டுகொள்ளட்டும்’ என்று தள்ளிப்போடுவது மற்றொன்று. பேசக் கற்கும் எந்தச் சிசுவுக்கும் நாம் தகுதித் தேர்வு வைப்பதில்லை. இவர்களுக்கு மட்டும் வைப்பதில் தர்மமும் இல்லை, பிரயோஜனமும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், தொடர்பு என்பதற்கு வரைவிலக்கணம் கூறுமிடத்தில் துணைமுறைகளையும் மாற்றுமுறைகளையும் சேர்த்தே கூறியிருப்பதோடு, கல்வியில் அவற்றை ஊக்குவிப்பது அரசின் கடமை என்று தன் 17-ஆவது பிரிவில் விதித்தும் இருக்கிறது.

இனி, கைச்சைகை. அதற்குச் செலவில்லை, மின்சாரம் வேண்டாம், மழையில் நனையாது, மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்டு வரவும் முடியாது. 1970-களில் இங்கிலாந்தில் மார்கரெட் வாக்கர் வகுத்த ‘மகட்டான்’ போன்ற முறைகளில், பேசிக்கொண்டே முக்கியச் சொற்களுக்கு மட்டும் சைகை காட்டுவதால், கேட்கும் திறனுள்ள குழந்தைக்குப் பேச்சும் சைகையும் ஒருங்கே சென்று சேருகின்றன. விரல்கள் வசப்பட்ட குழந்தைக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் அந்தச் சைகையை வீட்டில் தாயும், வகுப்பில் ஆசிரியையும் அறிந்திருந்தால் போதாது. வேன் ஓட்டுநரும் சத்துணவு ஆயாவும் மாமாவும் அறிந்திருந்தாலன்றி அதன் எல்லை நான்கு சுவருக்குள் நின்றுவிடும். ஆதலால் சைகையை விலக்கவேண்டியதில்லை; அதனை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது.

படங்களை நாடுவோர்க்கு இரண்டு பாதைகள் எதிர்ப்படுகின்றன. ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்னும் இருவர் 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையில், குழந்தை தனக்கு வேண்டிய பொருளின் அட்டையை வெல்க்ரோவிலிருந்து உரித்தெடுத்து எதிரிலிருப்பவர் கையில் கொடுக்கிறது. அவர் பொருளைத் தருகிறார். பிறரை அணுகிச் சென்று ஒன்றைத் தெரிவிக்கலாம் என்ற அடிப்படை எண்ணமே இன்னும் முளைக்காத குழந்தைக்கு, முக்கியமாக ஆட்டிசம் உள்ள சிறுவர்க்கு, இம்முறை அவ்வெண்ணத்தை ஊன்றிவிடுவதில் மிகுந்த சாமர்த்தியம் உடையது. இதன் குறைபாடு நடைமுறையில் வருவது: ஆறு கட்டங்கள் கொண்ட பயிற்சியில் மூன்றாவதோடு நின்றுவிடும் வகுப்புகளே அதிகம் என்பதால், பிஸ்கட்டும் பந்தும் ஊஞ்சலும் கேட்கத் தெரிந்த குழந்தை, கேட்பதைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாமலே வளர்ந்துவிடுகிறது. அட்டையைப் பெரியவர் உயரத்தில் மாட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாலோ அதுவும் இல்லை.

மற்றொன்று, தொட்டுக் காட்டும் பலகை. நாற்பதோ அறுபதோ சிறு கட்டங்கள் கொண்ட ஒரே தாள், லாமினேட் செய்யப்பட்டு, எப்போதும் குழந்தையின் முன் திறந்தே கிடப்பது. அன்றாடப் பேச்சில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைச் சில நூறு பொதுச் சொற்களே சுமக்கின்றன என்று ஆங்கிலம் பேசுவோரிடம் நடந்த ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே பலகையின் பெரும்பாகத்தை ஆப்பிளுக்கும் யானைக்கும் ஒதுக்காமல், ‘வேணும்’, ‘வேண்டாம்’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘வா’, ‘போ’, ‘குடு’, ‘பாரு’, ‘எங்கே’, ‘யாரு’, ‘ஏன்’, ‘இல்லை’, ‘என்னோட’ முதலிய சொற்களுக்குக் கொடுத்துவிட்டால், அதே பலகை சோற்றுவேளைக்கும் பாடவேளைக்கும் சண்டைக்கும் உதவும். பரிமாற்ற அட்டையா, தொடுபலகையா என்று என்னைக் கேட்டால், அணுகிப் பேசும் பழக்கம் ஏற்பட்ட அளவில் தொடுபலகைக்கு மாறிவிடுவதே உசிதம் என்பேன்.

பலகையைத் தமிழில் அமைப்பது என்பது ஆங்கிலப் பலகையின் சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதிவிடுவதோடு முடிகிற காரியமன்று. இவ்விடத்தில் நேரும் கவனக்குறைவே பல நல்ல முயற்சிகளை முடக்கிப் போட்டிருக்கிறது. முதற்கட்டத்தில் ‘நான்’ என்றும் அடுத்ததில் ‘வேண்டும்’ என்றும் அச்சிட்டுக் கொடுத்தால், குழந்தை தொட்டு உண்டாகும் வாக்கியம் எந்தத் தமிழன் வாயிலும் வராத ஒன்றாக இருக்கும். நமக்கு வேண்டுவதும் பிடிப்பதும் தெரிவதும் வலிப்பதும் ‘எனக்கு’ என்ற சொல்லோடுதான் வருமாதலால், ‘நான்’ என்பதற்கு ஒரு கட்டமும் ‘எனக்கு’ என்பதற்கு மற்றொரு கட்டமும் தனித்தனியே இருந்தாக வேண்டும். வினைச்சொல் நம் வாக்கியத்தில் இறுதியில் நிற்பதால், ஆட்கள் இடப்புறமும் பொருள்கள் நடுவிலும் வினைகள் வலப்புறமும் அமைந்தால் விரல் போகும் திசையும் பேச்சு போகும் திசையும் ஒன்றாகும். ‘நீ’ ஒன்றை மட்டும் வைத்து ‘நீங்க’ என்பதை விட்டுவிட்டால், ஆசிரியையையும் தாத்தாவையும் ஒருமையில் அழைத்த குற்றத்துக்கு அந்தக் குழந்தை அநியாயமாக ஆளாகும். வெளிநாட்டுப் படத்தொகுப்புகளில் அத்தைக்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரே பெண்மணியின் படம் இருக்கும். அவ்விடங்களில் வீட்டாரின் புகைப்படங்களை ஒட்டிக்கொள்வதே சரி. எழுத்து நடையில் ‘வேண்டும்’ என்று போடுவதா, வீட்டு வழக்கில் ‘வேணும்’ என்று போடுவதா என்றால், தம்பி தங்கைகள் பேசும் பேச்சையே இக்குழந்தையும் பேசவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வினைவிகுதிகள் எல்லாவற்றையும் எந்தப் பலகையும் தாங்காது. அதற்கு யுக்தி உண்டு. குழந்தை ‘நேத்து’, ‘தாத்தா’, ‘வா’ என்ற மூன்று கட்டங்களைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை அதே கட்டங்களைத் தாமும் ஒவ்வொன்றாகத் தொட்டபடியே, ‘ஓ, நேத்து தாத்தா வந்தாங்களா!’ என்று நிறைவான வாக்கியமாகத் திருப்பிச் சொல்லி, உடனே அடுத்த கேள்வியை வீசாமல், பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கிறார். குழந்தையின் கை மெல்ல நகர்ந்து, நடுங்கி, ‘போ’வின் மேல் வந்து நிற்கிறது. தாத்தா வந்ததன்று, போய்விட்டதே அது சொல்ல வந்த சேதி. ஆறாவது எண்ணிலேயே ஆசிரியை வாய் திறந்திருந்தால் அந்தச் சேதி யாருக்கும் கிடைத்திராது. கட்டங்களின் இடத்தை மட்டும் ஒருமுறை வைத்தபின் மாற்றலாகாது. விரல் இடத்தைப் பழகிக்கொள்கிறது என்பதால், ஆரம்பத்தில் சொற்கள் குறைவாக வேண்டுமானால் மற்றவற்றின் மேல் வெற்றுத் தாளை ஒட்டி மறைத்துவைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம்.

தாளா, கருவியா? கருவிக்குக் குரல் இருக்கிறது. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பவரையும் அது அழைக்கும், படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது விளங்கும், வகுப்பில் பதில் சொல்ல முந்துகிறவர்களோடு போட்டியிடவும் அதனால் முடியும். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் பேசுகிறது. கோட்டூர்புரத்தில் உள்ள ‘வித்யாசாகர்’ நிறுவனத்தின் மாணவர்களோடு பழகியதிலிருந்து பிறந்தது என்பதால் நம் வகுப்பறைகளின் சுபாவம் அதற்குப் புதிதன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவான ‘ஜெல்லோ’ விலையின்றிக் கிடைக்கிறது. ஆயினும் டேப்லெட்டின் திரை மைதானத்து வெயிலில் தெரியாது, சார்ஜ் தீரும், பழுதுபார்க்கக் கொடுத்தால் அதுவரை குழந்தை ஊமையாகிவிடும். கருவி வாங்க வசதியுள்ள குடும்பமும், அதன் முதற்பக்கத்தை அதே அமைப்பில் அச்சிட்டு லாமினேட் செய்து பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வசதியில்லாத குடும்பம் கருவிக்காகக் காத்திராமல் தாளில் இன்றே தொடங்கலாம். அந்த டேப்லெட்டிலேயே கார்ட்டூனும் விளையாட்டும் இருக்குமானால் அது பேச்சுக்கருவியாக நிலைப்பதரிது. குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அதைப் பிடுங்கி வைப்பதைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பேசும் பிள்ளையின் வாயைக் கட்டுவதற்கு அது சமானம். அழுத்தினால் ஒரே வாக்கியம் பேசும் ஒற்றைப் பொத்தான்கள் காலை வணக்கத்துக்கும் வருகைப் பதிவுக்கும் உற்சாகமூட்டும். அதற்குமேல் அவை சொல்வது நாம் பதிவுசெய்த வார்த்தையைத்தானே!

கை வசப்படாத குழந்தைக்குக் கண் இருக்கிறது. நடுவில் சதுரமாக வெட்டிய ஒரு தெளிந்த அக்ரிலிக் தகட்டின் ஓரங்களில் ஆறு படங்களை ஒட்டி, குழந்தைக்கும் நமக்கும் இடையில் முகத்தளவில் பிடித்தால், அது எந்த மூலையை நோக்குகிறதென்பது எதிர்ப்புறமிருந்து துல்லியமாகத் தெரிகிறது. பார்வையும் நிலைகொள்ளாவிடில், நாம் ஒவ்வொரு வரிசையாக நிதானமாக வாசித்துக்கொண்டு போக, வேண்டிய சொல் வரும்போது குழந்தை தன் அடையாளத்தால் நிறுத்தும் முறை உண்டு. அந்த ‘ஆம்’ எது, தலையசைப்பா, புருவமா, ஒரு முனகலா என்பதை முதலில் கண்டுபிடித்து எல்லோரும் ஒப்புக்கொள்வது இங்கே முதற்பணி. இதே தத்துவம் யந்திரத்தில் ஏறும்போது ஒற்றை ஸ்விட்ச் ஆகிறது. 1985-இல் குரலை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங், முதலில் கைவிரலாலும் பிற்காலத்தில் கன்னத்தின் ஒரு தசையசைவாலும் இயக்கியது அத்தகையதே. வேகம் குறைவு, பொறுமை நம்முடைய பங்கு.

படங்கள் எத்தனை இருந்தாலும் அவை பிறர் தேர்ந்தவை. எழுத்தறிந்தவனுக்கே எல்லாச் சொல்லும் சொந்தம். ஆகையால் எந்தச் சாதனத்தைத் தேர்ந்தாலும் அதனோடு எழுத்தையும் கற்பித்தே ஆக வேண்டும். 247 எழுத்துகளையும் கட்டங்களாக்கினால் நடுங்கும் கைக்கு அது எட்டாது. 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாக 31 கட்டங்கள் போதும், மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் உயிர்மெய் பிறந்துவிடும். மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்த மும்பையின் மாலினி சிப், தம் சுயசரிதையான ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ நூலை ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டெழுதி 2010-இல் வெளியிட்டார்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். குழந்தையின் மணிக்கட்டையோ முழங்கையையோ ஒருவர் பிடித்துக்கொண்டு எழுதவைக்கும் முறையொன்று அவ்வப்போது பெற்றோரின் நம்பிக்கையைப் பெரிதும் கவர்கிறது. குழந்தைக்கு ஒரு படமும் பிடிப்பவருக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தபோதெல்லாம் எழுத்தில் வந்தது பிடித்தவர் கண்டதே. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் இம்முறை கூடாதென்று வெளிப்படையாக அறிவித்தது. நாற்காலியையும் பலகையின் சாய்வையும் சரிசெய்து உடம்புக்கு ஆதாரம் கொடுப்பது வேறு. கையைப் பிடிப்பது வேறு. பிள்ளையின் மனத்தை அறிந்துவிட்டதாக மகிழ்ந்த தாய்க்கு அது பிறர் வார்த்தை என்று பின்னர் தெரியவருவதைவிடப் பெரிய துக்கம் இல்லை.

தேர்வு முடிந்தபின் செய்யவேண்டியது, பெரியவர்கள் அந்தச் சாதனத்தில் தாங்களே பேசுவதாகும். ‘பசு எங்கே, காட்டு’ என்று பரீட்சை வைக்காமல், சோறு பரிமாறும்போது ‘இன்னும்’ என்பதையும், மழை பிடிக்கும்போது ‘பாரு’ என்பதையும் நம் விரலாலும் தொட்டுப் பேசவேண்டும். குழந்தை உடனே திரும்பச் செய்யவேண்டுமென்ற கட்டாயம் கூடாது. மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு மட்டுமே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. வகுப்புத் தோழர்க்கும் பலகையில் உரிமை கொடுத்தால் அவர்கள் ஆசிரியரைக் காட்டிலும் விரைவில் கற்றுக்கொள்வார்கள். ஆண்டிறுதியில் வகுப்பு மாறும்போது, இவன் ‘ஆம்’ என்பது எப்படி, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்தச் சொற்கள் கைவந்துவிட்டன, எந்தக் கட்டம் இன்னும் மறைந்திருக்கிறது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, பலகையின் பின்புறத்தில் ஒட்டி, அடுத்த ஆசிரியர் கையில் நேரிலேயே சேர்ப்பித்துவிட வேண்டும்.