மைப்பேனா ஏன் கசிகிறது?

நம் ஊத்துக்கோட்டைக்கு அண்மையிலுள்ள திருவள்ளூரில், ரங்கா பேனா நிறுவனத்தார் பழைய அமைப்பிலான மைப்பேனாக்களை இன்றும் கையால் கடைந்து செய்கின்றனர். அவற்றுள் பல எபோனைட்டால் ஆனவை. ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கிடைக்கும் கெட்டிப்பொருளே எபோனைட்.

குழாயிலேயே நேராக மை ஊற்றும் பேனாவில், மை குறையக் குறையக் காற்று புகுந்து நிறைகிறது. நம் கைச்சூட்டில் அக்காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. கட்டுரை நோட்டில் திடீரென்று விழும் மைப்பொட்டு அதுதான். பேனாவை உதறுவதால் தீராது! எபோனைட் உலோகத்தைப்போல் சூட்டை விரைந்து கடத்தாது. குழாயின் சுவரைத் தடிப்பாக விட்டுக் கடைந்தால் சூடு உட்செல்வது இன்னும் தாமதமாகும். ஆயினும் மை பாதியாகும் முன்பே நிரப்பிக்கொள்வது நல்லது. பேனாவை வெயிலில் போட்டுவைத்தால் கறுப்பு எபோனைட் பழுப்பேறிவிடும்.