தோள்சீலைக் காலத்தை எப்படி வாசிப்பது?

மாசி இருபது நெருங்கும் நாட்களில் அன்புக்கொடி மக்கள் பலருடைய கைபேசிக்கும் ஒரே மாதிரியான படங்கள் வந்து சேர்கின்றன. மேலே 'முலை வரி' என்று பெரிய எழுத்து, நடுவே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம், அடியில் ஏதோ ஒரு சாதியாரை வைது நாலு வரி. மறுநாளே மறுப்பும் வந்துவிடும். "அந்தக் காலத்தில் ராணி முதற்கொண்டு யாருமே மேலாடை போட்டதில்லை, வெக்கை பூமி, கொடுமை என்பதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை" என்று அதில் இருக்கும். இரண்டையும் பார்த்த பிள்ளைகள் நிழல் தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்ததும் பெரியவர்களிடம் கேட்கிறார்கள், இதில் எது நிஜம் என்று.

இரண்டிலுமே பிழை இருக்கிறது. அது அறியாமையால் மட்டும் வந்த பிழையும் அல்ல. இன்றைய சட்டையையும் சேலையையும் மனதில் வைத்துக்கொண்டு அன்றைய துணியைப் பார்ப்பதால் வருவது. இன்று மேலாடை என்றால் மானம், வெட்கம் என்று மனம் போகிறது. பழைய திருவிதாங்கூரில் துணி என்பது தரவரிசை. யார் முன்னே யார் எதை உடுத்து நிற்கலாம் என்பதுதான் அங்கே கேள்வி.

இதை விளங்கிக்கொள்ள மேல்சாதியிலிருந்தே தொடங்கலாம். நாயர் பெண் தோளில் துணி போடும் உரிமை உள்ளவள். ஆனாலும் நம்பூதிரி முன்னும் கோயில் நடையிலும் அதை எடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம். ஆண்களும் அப்படியே, பெரியவர் முன் தோள் துண்டை இறக்கிக்கொள்வார்கள். ஆகவே தோளைத் திறப்பது தனக்கு மேலே இருப்பவருக்குக் காட்டும் பணிவாக இருந்தது. படியில் மேலே இருந்தவருக்கு அந்தப் பணிவு சில இடங்களில், சில வேளைகளில் மட்டும். அரசு ஏடுகள் சாணார் என்று எழுதிய, அகிலம் சான்றோர் என்று அழைக்கிற மக்களுக்கோ அது நாள் முழுவதும். வயலிலும் சந்தையிலும் வழிநடையிலும் அவர்கள் பணிந்தே இருந்தாக வேண்டும்.

துணியோடு அது நின்றதும் இல்லை. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை கூடாது. வீட்டுக்கு மாடி எடுக்கக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. கூலி இல்லாத ஊழியம் வேறு. பெயரும் இந்தக் கணக்கில் சேரும். பொன்னுமாடன், வெயிலாள் தம்பதியர் தங்கள் பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தபோது, முடி என்ற சொல் இந்தக் குடிக்கு ஆகாது என்று தடுத்து, முத்துக்குட்டி ஆக்கினார்கள் என்பதை அய்யா வழி மக்கள் பிறந்த நாள் முதல் கேட்டு வருகிறோம். பேருக்கு வெக்கை ஏது? "வெக்கை பூமி, அதனால்தான் உடுத்தவில்லை" என்கிறவர்கள், வெக்கை நாட்டில் குடையை ஏன் தடுத்தார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இனி ஆணைகளுக்கு வருவோம். அவற்றின் வாசகத்தை மெல்லப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். 1812-ல் கர்னல் மன்றோ, கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றார். 1814-ல் வந்த அரசுச் சுற்றறிக்கை அதை அளந்து கொடுத்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் போடுகிற குப்பாயத்தை இவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை போடக் கூடாது. அதாவது மார்பை மறைப்பதற்கு ஆணையே வழி விட்டிருக்கிறது, தடுத்தது மறைக்கும் விதத்தை. இந்த ஒன்றை இரு தரப்புப் படங்களும் சொல்வதில்லை. மார்பை மறைப்பதே குற்றம் என்று ஒரு படம் சொல்கிறது. தடையே இல்லை என்று மற்றது சொல்கிறது. 1814-ன் தாள் இரண்டுக்கும் இடம் தரவில்லை.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இதில் பெரிய செய்தி. மிஷன் வீட்டு அம்மாமார் தைத்துக் கொடுத்த தளர்ந்த குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் தோள்சீலையையும் போட்டார்கள். மானத்துக்குக் குப்பாயம் போதும். மேலே போட்ட சீலை சமத்துவத்துக்கு. அடி விழுந்தது அந்தச் சீலைக்காகத்தான். 1822-ல் கல்குளம் பக்கம் சந்தையிலும் தெருவிலும் சீலைகளைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1823-ல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. 1828-ல் மறுபடியும் கலகம். 1829 பிப்ரவரி 3 அன்று, கொல்லம் 1004-ல், ராணி கௌரி பார்வதி பாய் காலத்து அறிக்கை வந்தது. தோள்சீலை கூடாது, குப்பாயம் மட்டும் போடலாம், ஊழியமும் செய்தே ஆக வேண்டும் என்றது அது.

வெள்ளைக்காரப் பாதிரிமார்தான் எல்லாம் கொடுத்தார்கள் என்ற பேச்சும், அவர்கள்தான் இல்லாத வெட்கத்தைப் புகுத்திக் கெடுத்தார்கள் என்ற பேச்சும் இந்த இடத்தில் ஒன்றாகவே விழுகின்றன. சார்லஸ் மீட் முதலானவர்கள் மனு எழுதினார்கள், வழக்குக்குத் துணை நின்றார்கள், பள்ளி வைத்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குப்பாயத்தின் மேல் சீலையைப் போட்டுச் சந்தைக்கு நடந்தவர்கள் அந்தப் பெண்களே. அடி வாங்கியவர்களும் அவர்களே. இரண்டு பேச்சிலும் அவர்கள் காணாமல் போகிறார்கள்.

அய்யா வழி மக்கள் கவனிக்க வேண்டிய காலக்கணக்கு ஒன்று உண்டு. அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்தது கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833. வைகுண்டம் போனது 1026 வைகாசி, அதாவது 1851. இந்தப் பதினெட்டு ஆண்டுகளும் 1829 அறிக்கை உயிரோடு இருந்த ஆண்டுகள். குப்பாயச் சலுகையும் கிறிஸ்தவர் ஆனவர்களுக்கு மட்டுமே. மதம் மாறாத சான்றோர் பெண்ணுக்கு அதுகூட இல்லை. ஆண்கள் தலைமுண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நாட்கள் அவை. அந்த நாட்களில்தான் சாமிதோப்பில் தலைப்பாகை கட்டி வாருங்கள் என்றது அய்யாவின் வாக்கு. பெண்கள் தோளில் சீலை போட்டு, குடத்தை இடுப்பில் எடுத்து வரவும் அய்யா பணித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. முத்திரிக் கிணற்றில் சாதி பாராமல் எல்லோரும் குளித்ததும், வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் குடும்பம் குடும்பமாகத் துவையல் தவசு இருந்ததும் இதே காலத்தில். 1829-ன் அறிக்கையைத் தெரிந்துகொள்ளாமல் தலைப்பாகையைப் பார்த்தால் அது வெறும் சடங்காகத்தான் தெரியும்.

அய்யாவைச் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தது சுவாதித் திருநாள் அரசு. கச்சேரி மேடையில் அவருடைய கீர்த்தனைகளைக் கேட்டு உருகுகிறவர்களுக்கு இது கசக்கலாம். கீர்த்தனையும் உண்மை, சிறையும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடும் என்று நினைப்பதும் பழங்காலத்தைப் பிழையாக வாசிப்பதில் ஒரு வகை. அகிலமோ கலிநீசனையும் கண்டிக்கிறது, வெண்ணீசனையும் கண்டிக்கிறது. அப்படியிருக்க, அதைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு தரப்பின் படத்தை மட்டும் பரப்புவது பொருந்தாது.

மூன்றாம் முறை கலகம் வந்தது 1858-ல். அங்கே நடந்ததே ஒரு பிழை வாசிப்புத்தான். அந்த நவம்பரில் விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்தது. மக்களின் மத நம்பிக்கைகளில் அரசு தலையிடாது என்று அதில் ஒரு வாக்கு. மேல்சாதியார் பலர் அதைப் பழைய வழக்கத்தைக் கையால் அடித்து நிலைநாட்டலாம் என்று வாசித்தார்கள். மறுபடியும் சீலைகள் கிழிந்தன. வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. திவான் மாதவராவ் காலத்தில், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பின், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை வெளியானது.

இந்த நாளைத்தான் தோள்சீலை உரிமை கிடைத்த நாள் என்று மேடைகளில் கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், ஆனால் வாசகத்தையும் பார்த்துவிட்டுக் கொண்டாட வேண்டும். சாணார் பெண்கள் எல்லோரும், மதம் எதுவானாலும், கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம் என்றது. முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம் என்றது. வேறு எப்படியும் மார்பை மறைக்கலாம் என்றது. மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஐம்பது வருடத்துக்குப் பக்கம் போராடியும் படி அப்படியே இருந்தது, ஒரு படி மட்டும் ஏறவிட்டார்கள். மிச்சத்தைப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி வாசகத்தைப் பொருட்படுத்தாமல் உடுத்தத் தொடங்கினார்கள். உரிமை முழுவதும் தாளில் வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், தாளுக்கு மேலே அந்தத் தாய்மார் எடுத்துக்கொண்டது மறைந்துபோகும்.

முலைக்கரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது மறைப்பதற்குக் கட்டுகிற வரி அல்ல, அளவு பார்த்துப் போடுகிற வரியும் அல்ல. ஏழைச் சாதியாரில் ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம். ஆள் கணக்குக்குப் போட்ட வரி. சேர்த்தலையில் நங்கேலி என்ற ஈழவப் பெண் வரி கேட்டு வந்தவர்கள் முன் வாழையிலையில் தன் மார்பையே அறுத்து வைத்தாள் என்ற கதை அந்த ஊர்க்காரர்களின் வாய்மொழியில் நிற்கிறது. அந்தக் காலத்து அரசு ஏட்டில் அவள் பேர் இல்லை. பேர் இல்லை என்பதால் வரியே இல்லை என்று ஒருவர் வாதிடுகிறார். கதை இருப்பதால் மேலாடைக்கு வரி என்று இன்னொருவர் எழுதுகிறார். ஒரு மனுஷி உடம்போடு பிறந்ததற்கே காசு கேட்ட அரசு அது. அந்தக் கொடுமையை இன்னும் பெரிதாக்கிக் காட்டவா வேண்டும்?

பழங்காலத்தைப் பற்றிச் சண்டை போட்டு எதை இழந்தோம் என்பதற்குச் சமீபத்திய சாட்சி ஒரு பள்ளிப் புத்தகம். என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் அதில் வந்தது. இந்தியா முழுவதும் உள்ள பிள்ளைகள் அதைப் படித்தார்கள். நாடார்கள் நாயர் நிலக்கிழார்களிடம் வேலை செய்யத் தெற்குத் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் என்ற வாசகமும் அதில் இருந்தது. மண்ணின் மக்களை வந்தேறிகளாக எழுதினால் வலிக்கத்தான் செய்யும். 2012-ல் தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. திருத்த வேண்டியது அந்த வாசகம். ஆனால் 2016 இறுதியில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியையே தேர்வுக்கு வேண்டாம் என்று விலக்கியது. 2019-ல் பாடமே புத்தகத்தை விட்டுப் போனது. வந்தேறி என்ற சொல்லோடு, சீலை கிழிபட்ட பெண்களும் போய்விட்டார்கள். இப்போது அந்தக் கதை பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இடம் கைபேசியில் வருகிற அந்த வசைப்படம்தான்.

அந்தப் படங்களைப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. பல வீடுகளில் ரவிக்கை இல்லாமல் சேலை கட்டிய பாட்டியின் பழைய படம் இருக்கும். அந்தப் பாட்டியை யாரும் தடுக்கவில்லை. ரவிக்கை போடச் சொன்ன பேத்தியை "எனக்கு எதுக்குடி அது" என்று விரட்டியிருப்பாள். அவளுடைய பாட்டியின் பாட்டிக்கோ போட ஆசை இருந்தும் விடவில்லை. படத்தில் இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஆகவே எந்த ஊர், எந்த ஆண்டு, யார் முன்னே என்று கேட்காமல் படத்தை வைத்து வாதாடக் கூடாது.

வெளியூரிலிருந்து ஒருவர் முதல் முறையாகப் பதிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் துணி கட்டி, பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்பதைப் பார்க்கிறார். வெற்றுடம்பைப் பார்த்து, இதுவும் மற்றக் கோயில் வழக்கம்தான், கடவுள் முன் தாழ்ந்து நிற்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார். தலையைப் பார்க்க மாட்டார். அவர் அப்படிப் போகாமல் இருக்க, பக்கத்தில் நிற்கிற பையனுக்கு அந்தத் தலைப்பாகை எந்த ஆண்டில், எந்த அறிக்கைக்கு எதிரே கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை அவனுக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிற தாத்தா, கட்டி முடிக்கும் நேரத்துக்குள் அதைச் சொல்லிவிடலாம்.

அய்யா உண்டு.