ஒப்புக்கொண்ட பிறகும் விடுதலையா?

கேள்வி: போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டவரையே கோர்ட் விடுவிக்கிறதே, எப்படி? – வாசகி, தாம்பரம்

பதில்: சென்னை முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கைத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. என் மனதிலும் அது ஆறவில்லை. 2018-ல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது.

போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதைக்கொண்டு புதிதாக ஒரு பொருள் கிடைத்தால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். இங்கே அப்படிப் பொருள் கண்டெடுத்ததாகப் போலீஸ் சொன்னதையே நீதிபதிகள் நம்பவில்லை. சிசிடிவி பதிவும் முறையாக நிரூபிக்கப்படவில்லை. புலன்விசாரணையின் இந்த ஓட்டைகளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கைவிடப்பட்டது அங்கேதான். நீதிபதிகள் சுட்டிக்காட்டிய இன்னொன்று: குற்றச்சாட்டு வனைந்த பிறகுதான் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீலே கிடைத்தார்.