அந்தப் பாடத்தை நீயே நடத்து

அன்புள்ள அம்மிணிக்கு,

அத்தை எழுதுவது. கால் வீக்கம் வடிந்துவிட்டது, அதற்காகப் போன் பண்ண வேண்டாம்.

மனையியல் துறையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாகச் சேரப் போகிறாய் என்று உங்கப்பா சொன்னதிலிருந்து எனக்கு ராத்தூக்கம் இல்லை. தாராளமாகச் சேர், சம்பளமும் கூட. 'சமையல் டீச்சர்' என்று கல்யாண வீட்டில் யாரும் கேலி பேச மாட்டார்கள். முடிவு உன்னுடையது. ஆனாலும் இதைப் படித்துவிட்டு எடு.

'குடும்பம்' பாடம் நடத்தவே கூச்சமாக இருக்கிறது, பிள்ளைகளில் பலரின் வீடு அந்தப் படத்தில் இல்லை என்றாயாம். அது நியாயமான கூச்சம்தான். சம்பாதிக்கிற அப்பா, அடுப்படியில் அம்மா, இரண்டு குழந்தைகள். மற்றதெல்லாம் 'சிதைந்த குடும்பம்'. நாங்களும் அப்படித்தான் படித்தோம். பழனி அத்தை கதை உனக்குத் தெரியும். அவளும் அப்பத்தாவும் மட்டுமே இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்களே, எது சிதைந்து கிடந்தது? பால் பாக்கி, சீட்டுப் பணம், பள்ளிக்கூட பீஸ் எதுவும் தவணை தப்பியதில்லை. பரீட்சையில் அந்த வீட்டு வரவுசெலவைத்தான் எழுதினேன். 'இது முழுமையான குடும்பம் அல்ல' என்று சிவப்பு மையில் எழுதி மார்க்கைக் குறைத்தார்கள். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

வீட்டில் யாருக்கு எவ்வளவு சாப்பாடு என்று கணக்கிடும் நம் நுகர்வு அலகு அட்டவணையையே எடுத்துக்கொள். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆண் 1, பெண் 0.8, பத்து வயதுப் பிள்ளைக்கும் 0.8. பாட்டி, அம்மா, சித்தி, பத்து வயதுப் பையன் உள்ள வீட்டுக்கு 3.2 அலகு. மாத மளிகைப் பட்டியல் போட்டுப் பார், கணக்கு கச்சிதமாக வரும். அப்பா எங்கே என்று அட்டவணை கேட்காது. நம் படிப்பின் கருவிகளுக்கு அந்தப் பழைய படம் ஒருநாளும் தேவைப்படவில்லை. படத்தை மாட்டியது நாம்தான்.

துறையும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 1909இல் தொடங்கிய மனையியல் சங்கம், 1970களிலேயே குடும்பத்துக்குப் புது விளக்கம் சொன்னது. வளங்களையும் பொறுப்பையும் பகிர்ந்து, ஒருவருக்கொருவர் துணையாக நிலைத்து நிற்கும் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் குடும்பம். ரத்தம், கல்யாணம் என்ற நிபந்தனையே இல்லை. 1994இல் 'குடும்ப, நுகர்வோர் அறிவியல்' என்று தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. மதுரை மனையியல் கல்லூரியும் இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி. பெயர்ப்பலகையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அம்மிணி. கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஊட்டச்சத்துப் பக்கம் போய்விட்டால், குடும்பப் பாடத்தைத் திருத்தி எழுத யார் மிச்சம்?

2022இல் ஒரு நர்ஸம்மாவின் மகப்பேறு விடுப்பு வழக்கில், வழக்கமான வடிவில் இல்லாத குடும்பங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மகளிர் உரிமைத் தொகையில் கைம்பெண்ணும் திருநங்கையும் குடும்பத் தலைவிதான். நம் வகுப்பறை மட்டும் பின்தங்கலாமா? 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் கரும்பலகையில் எழுதிப் போடு. சம்பளமில்லா வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளைக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. அவரவர் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகளைக் குறித்துவரச் சொல். எந்த வீட்டுப் பிள்ளையும் அதில் தலைகுனிய வேண்டியிருக்காது.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதே, சாமி. நீ எந்த வேலைக்குப் போனாலும் எனக்குப் பெருமைதான். ஆஸ்பத்திரிக்கே போனாலும் முதல் நாள் சேலை அத்தை எடுத்துத் தருவதுதான். ரொம்ப இளைத்துவிட்டாயாம், உங்கம்மா புலம்புகிறாள். பருப்புப்பொடியும் கடலை உருண்டையும் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், மறக்காமல் போய் வாங்கிக்கொள். உங்கப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
அத்தை